கொடைக்கானல் மேலே, ஹீமோகுளோபின் கீழே: நம்ம ஊர்ப் பொண்ணுங்க ஓட்டம் பற்றி ஒரு நீண்ட த்ரெட்

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க. டீ குடிச்சுக்கிட்டே படிக்கலாம். சாப்பிட்டு முடிச்ச உடனே குடிக்கிற டீயா இருந்தா மட்டும் இப்போதைக்கு தள்ளி வைங்க, காரணம் கீழே வருது.

பேசப் போறது கொடைக்கானல் அட்டுவம்பட்டியில இருக்கிற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தைப் பற்றி. 1984-ல் தமிழக அரசு தொடங்கிய பல்கலைக்கழகம். சிறுசுதான். ஆனா நம்ம மாவட்டத்துக்கும் அதுக்கும் நேரடி உறவு இருக்கு. பெரியகுளம் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி, கம்பம் ஆதிசுஞ்சனகிரி மகளிர் கல்லூரி எல்லாம் அதோட இணைவு பெற்றவை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கல்லூரிக்குப் போகிற பல பெண் பிள்ளைகளோட பட்டத்தில் அந்தப் பெயர்தான் இருக்கும்.

"டாக்டருக்கு பல்கலைக்கழக விளையாட்டைப் பற்றி என்ன வேலை?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நான் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற சாதாரண எம்பிபிஎஸ். ஸ்போர்ட்ஸ் மெடிசின் படிச்சவன் இல்ல. ஆனா போலீஸ் தேர்வு அறிவிப்பு வந்தா எங்க ஓ.பி.யில ஒரு புதுக்கூட்டம் வரும். பத்தொன்பது, இருபது வயசுப் பொண்ணுங்க. "சார், கிரவுண்டுல ஓடுறப்ப கண்ணைக் கட்டுது", "முழங்காலுக்குக் கீழ எலும்பு வலிக்குது", "ரெண்டு ரவுண்டு ஓடினா நெஞ்சு படபடங்குது". எழுத்துத் தேர்வில் பாஸ். கடைசியில நிக்கிறது உடற்தகுதி மட்டும்தான்.

அதுல என்ன கேக்கறாங்க தெரியுமா? இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் முடிக்கணும். ஆரோக்கியமான இருபது வயசுப் பொண்ணுக்கு இது கஷ்டமான இலக்கே கிடையாது. கொஞ்சம் வேகமான மெதுவோட்டம், அவ்வளவுதான். இதுலயே மூச்சு வாங்கி உக்காருறாங்கன்னா பிரச்சினை காலில் இல்லை, ரத்தத்தில்.

ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவோம். ரிசல்ட் 9 வரும், 8.5 வரும். ஒரு பொண்ணுக்கு 7.8 வந்துச்சு. அந்தப் பொண்ணு அதுவரைக்கும் தினமும் காலையில நாலு கிலோமீட்டர் ஓடிட்டு இருந்திருக்கா! "சோம்பேறி, ஓட மாட்டேங்கிறா"ன்னு வீட்ல திட்டு வேற. என்னைக் கேட்டா அந்தப் பொண்ணுக்கு அப்பவே ஒரு மெடல் கொடுத்திருக்கணும்.

கணக்கைப் பாருங்க. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்! மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டமே அரிதுன்னு பெருமைப்படுற மாநிலத்தில் இந்த நம்பர்.

அதாவது கல்லூரி விளையாட்டு விழாவில் நூறு மாணவிகள் வரிசையா நின்னா, சரிபாதிப் பேர் பெட்ரோல் இல்லாத வண்டியை உதைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அதுல முதல்ல வர்றவங்களைத் தேர்ந்தெடுத்து "இதுதான் எங்க டீம்"ங்கிறோம். ஒருவேளை உண்மையான வேகக்காரி ஆறாவதா வந்து, மயக்கமா மரத்தடியில உக்காந்திருக்கலாம்.

சரி, இப்ப மலைக்கு வருவோம். விஷயம் இங்கதான் சுவாரஸ்யமாகுது.

கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 2,100 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன் கீழே கிடைப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைச்சல். உடம்பு சும்மா இருக்காது. சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்கிற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். அது எலும்பு மஜ்ஜைக்குப் போய் "சிவப்பணு உற்பத்தியைக் கூட்டு"ன்னு உத்தரவு போடும். மூணு, நாலு வாரத்தில் ரத்தத்தோட ஆக்சிஜன் சுமக்கும் திறன் கூடும். திருட்டுத்தனமா சில ஓட்டக்காரர்கள் ஊசியில போட்டு மாட்டிக்கிறாங்களே, அதே ஹார்மோன். மலை அதை இலவசமாவும் சட்டப்படியும் கொடுக்குது.

1968 ஒலிம்பிக்ஸ் மெக்சிகோ சிட்டியில் நடந்தபோதுதான் உலகம் இதைச் சீரியஸா ஆராய ஆரம்பிச்சது. அந்த ஊர் உயரம் சுமார் 2,240 மீட்டர். கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரம். நம்ம நாட்டு நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு ஊட்டியில் முகாம் போடுவது இதனால்தான். கென்யாவின் ஓட்டக்காரர்கள் கூடுகிற இட்டென் ஊர் சுமார் 2,400 மீட்டர் உயரம்.

இந்தத் துறையில இன்னொரு புகழ்பெற்ற சூத்திரமும் உண்டு. மேலே தங்கணும், கீழே ஓடணும். மலையில் வாழ்ந்து ரத்தத்தைக் கூட்டிக்கோ, வேகப் பயிற்சியை மட்டும் ஆக்சிஜன் நிறைஞ்ச சமவெளியில் செய். 1990-களில் அமெரிக்காவில் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது. இப்ப நம்ம வரைபடத்தைப் பாருங்க. பல்கலைக்கழகம் கொடைக்கானலில். அதோட இணைவுக் கல்லூரி மலையடிவாரத்தில், பெரியகுளத்தில். வெளிநாட்டில் கோடிக்கணக்குல செலவு பண்ணி, ஆக்சிஜனைக் குறைச்ச அறையில வீரர்களைத் தூங்க வைக்கிறாங்க. நம்ம கிட்ட அடுக்கம் ரோடு இருக்கு.

உடனே "டாக்டர், தினமும் மலை இறங்கி ஏறவா?"ன்னு கேக்காதீங்க. அது நடக்காது, கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுத்தே பிள்ளைங்க களைச்சுடும். நான் சொல்றது இணைவுக் கல்லூரிகளில் இருந்து நடுத்தர, நெடுந்தூர ஓட்டக்காரிகளைப் பொறுக்கி, வருஷத்தில் ஒருமுறை நாலு வாரம் மேலே தங்க வைக்கிற முகாம். சீசன் கூட்டம் இல்லாத மாதமா பார்த்து வைக்கணும். மே மாசம் ஏரிச் சாலையில மனுஷன் நடக்கவே இடம் கிடையாது.

ஆனா இதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு. மஜ்ஜை சிவப்பணு செய்யணும்னா இரும்புச்சத்து வேணும். இரும்பு இல்லாத பொண்ணை மலையில ஏத்தினா ஹார்மோன் கத்திக்கிட்டே இருக்கும், ஃபேக்டரியில சரக்கு இருக்காது. பயன் பூஜ்யம், களைப்பு டபுள். அதனால முதல் பயிற்சி கிரவுண்டில் இல்ல, லேபில். ஹீமோகுளோபின், முடிஞ்சா ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் சரியா இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டிக் கிடக்கிற ஓட்டக்காரிகள் நிறைய உண்டு.

பள்ளியில படிக்கிறவரை வாரத்துக்கு ஒரு இரும்புச்சத்து மாத்திரை கையில கொடுத்து விழுங்க வைக்கிற திட்டம் இருக்கு. பிளஸ் டூ முடிச்சதும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது நின்னு போகுது. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாத்திரை இலவசம்தான். ஆனா காலேஜ் பொண்ணு அதுக்காக க்யூவில நிக்க வருமா? வராது. கல்லூரி விளையாட்டுத் துறையே அதை வாங்கி வச்சுக் கொடுத்தா என்ன குறைஞ்சுடும்?

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லிடறேன். மாதுளை, பீட்ரூட் சிவப்பா இருக்கிறதால ரத்தம் ஊறும்னு நினைக்காதீங்க. நிறத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. அசைவக்காரங்களுக்கு ஈரல், சுவரொட்டி, மீன். சைவக்காரங்களுக்குக் கீரை, பயறு, கம்பு, கேழ்வரகு, எள்ளு. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ. வைட்டமின் சி இருந்தால் சைவ உணவில் உள்ள இரும்பு நல்லா உறிஞ்சப்படும். சாப்பிட்ட சூட்டோடு டீ குடிச்சா அதே இரும்பு உள்ளே போகாமத் தடுக்கப்படும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. டீ எஸ்டேட்டுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு இதைச் சொல்றதுக்கு மன்னிக்கணும். இன்னொன்னு: ஏற்கெனவே ரத்தசோகை வந்துட்டா உணவு மட்டும் போதாது, மாத்திரைதான்.

இப்ப நம்மளை ரொம்ப உறுத்த வேண்டிய விஷயத்துக்கு வர்றேன்.

போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டினா ராஜாக்காடு. நம்ம ஆளுங்க விடியக்காலையில ஜீப்பில் நெருக்கி உக்காந்து ஏலத் தோட்டத்து வேலைக்குப் போற அதே இடுக்கி மாவட்டம். ராஜாக்காடு பக்கத்து முல்லக்கானம் ஊர்ப் பொண்ணு பிரீஜா ஸ்ரீதரன். எளிய குடும்பம். 2010 குவாங்சூ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் தங்கம், 5,000 மீட்டரில் வெள்ளி.

கே.எம். பீனாமோளும் இடுக்கி மலைக்காரர்தான். 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம், தொடர் ஓட்டத்தில் தங்கம். அதே போட்டியில் அவர் தம்பி பினு ஆண்கள் 800 மீட்டரில் வெள்ளி. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் 800 மீட்டர் அரையிறுதி வரை போன ஷைனி ஆபிரகாம்? தொடுபுழா. அதுவும் இடுக்கி.

மலை ஒன்னுதான். மழை, ஏலக்காய், மிளகு, ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போற கால்கள் எல்லாம் ஒன்னுதான். அந்தப் பக்கச் சரிவில் ஆசியத் தங்கம். இந்தப் பக்கச் சரிவில் 400 மீட்டருக்கு மயக்கம். இதுக்கு ஜீன் காரணம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

காரணம் என்னன்னு பார்த்தா ரொம்பச் சலிப்பான பதில்தான் கிடைக்கும். ஹாஸ்டல். கேரளத்தில் விளையாட்டுக் கவுன்சில் உதவியோடு கல்லூரிகளிலேயே விளையாட்டு விடுதிகள் நடத்தினாங்க. பொண்ணு அங்கேயே தங்கி, சாப்பிட்டு, ஓடி, படிச்சா. பிரீஜாவும் ஷைனியும் பாலா ஊரில் உள்ள அல்போன்சா கல்லூரி மாணவிகள். அது மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ் வருது. அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1983-ல். நம்ம அன்னை தெரசாவுக்கு ஒரே ஒரு வயசு மூப்பு!

அது பெரிய பல்கலைக்கழகம், நம்முடையது சின்னது, ஒப்பிடுறது முழுசா நியாயமில்லைன்னு ஒத்துக்கறேன். ஆனா அல்போன்சா ஒரு கல்லூரிதானே? ஒரு சின்ன ஊர் மகளிர் கல்லூரி. அதை ஒப்பிடலாம்தானே?

தூரத்துக்குக்கூடப் போக வேண்டாம். மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணி. பாட்டி வளர்த்த பிள்ளை. வெறுங்காலில் ஓட ஆரம்பிச்சவர். பயிற்சியாளர் கண்ணன் கண்ணில் பட்டு, லேடி டோக் கல்லூரியில் படிச்சபடியே பயிற்சி எடுத்து, டோக்கியோ ஒலிம்பிக்ஸ் கலப்புத் தொடர் ஓட்டம் வரை போனார். ஒரு பயிற்சியாளர், ஒரு கல்லூரி. ரெண்டும் ஒரே நேரத்தில் அமைஞ்சதுதான் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பாம அதையே ஏற்பாடா செய்யறதுக்குத்தான் அரசுப் பல்கலைக்கழகம்னு ஒன்னு இருக்கு.

நம்ம ஊருக்கு விளையாட்டு ஆர்வம் இல்லைன்னும் சொல்ல முடியாது. கோடையில் பெரியகுளத்து அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்குப் போய்ப் பாருங்க, கேலரி நிரம்பி வழியும். பல தலைமுறையா நடக்குது. ஆடுறது ஆண்கள். அதே ஊரில் மகளிர் கல்லூரி இருக்கு. அந்தப் பிள்ளைகள் சாயங்காலம் நாலரைக்கு மேல கிரவுண்டில் இருந்தா வீட்டுக்குப் போக பஸ் இருக்காங்கிறதுதான் அவங்க கேள்வி. ஹைவேவிஸ், மேகமலைப் பக்கத்துப் பொண்ணுன்னா சொல்லவே வேண்டாம். பயிற்சி நேரமும் கடைசி பஸ் நேரமும் மோதினா எப்பவும் பஸ்தான் ஜெயிக்கும்.

அடுத்து ஒரு பழைய கதை. எங்க துறைக்காரங்களைப் பற்றித்தான். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில் முதன்முதலா பெண்களுக்கு 800 மீட்டர் வச்சாங்க. ஓடி முடிச்சவங்க களைச்சு நின்னதைப் பார்த்து "பெண் உடம்பு தாங்காது"ன்னு கூச்சல். டாக்டர்களும் சேர்ந்துக்கிட்டாங்க. விளைவு, அடுத்து 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் வரை அந்த ஓட்டமே கிடையாது. ஓடி முடிச்ச ஆம்பளை களைச்சா வீரம், பொம்பளை களைச்சா வியாதி.

அந்தக் கூச்சல் இன்னும் நிக்கல. "ஓடினா கர்ப்பப்பை இறங்கிடும்", "பீரியட்ஸ் நேரத்துல ஓடக்கூடாது", "பின்னால குழந்தை நிக்காது". ஓ.பி.யில அம்மாக்கள் இன்னும் கேக்கறாங்க. மூணும் தப்பு. பீரியட்ஸ் நேரத்தில் வலி இல்லைன்னா தாராளமா ஓடலாம். பலருக்கு ஓடினா வலி குறையும்.

ஆனா எதிர்ப்பக்கத்துத் தப்பையும் சொல்லணும். கடுமையாப் பயிற்சி எடுக்கிற பொண்ணுக்கு மூணு மாசமா பீரியட்ஸ் வரலைன்னா, "நல்லதாப் போச்சு, தொந்தரவு இல்ல"ன்னு சில பயிற்சியாளர்களே சொல்றாங்க. அது நல்லது இல்லை. செலவழிக்கிற சக்திக்கு ஏத்த சாப்பாடு உள்ளே போகலைன்னு உடம்பு அடிக்கிற அலாரம். எலும்பு மெலியும், சின்னச் சின்ன விரிசல் விழும். அந்த முன்எலும்பு வலிக்காரிகளில் சிலர் இந்த வகை. ஹாஸ்டல் இட்லி மூணு, ஓட்டம் எட்டு கிலோமீட்டர்னா கணக்கு எப்படி நேராகும்?

"இவ்வளவு பண்ணி என்ன கிடைக்கும், எத்தனை பேர் ஒலிம்பிக்ஸ் போகப் போறாங்க?" அநேகமா யாரும் போக மாட்டாங்க. நான் மெடலுக்காக இதை எழுதவே இல்லை. பல்கலைக்கழக அணியில் ஆடின சான்றிதழுக்கு அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் மதிப்பு உண்டு. அரசுப் பணியில் 3 சதவீதம், காவலர் தேர்வில் 10 சதவீதம் ஒதுக்கீடு. எங்க எம்பிபிஎஸ்-லயே தமிழ்நாட்டில் 7 இடம் விளையாட்டுக்காரங்களுக்குன்னு இருக்கு. ஜீப்பில் போற ஒரு குடும்பத்துக்கு ஒரு காக்கிச் சட்டை வந்தா என்ன ஆகும்னு கம்பத்துக்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே சின்னப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வசதி இருக்கு, யாரும் பேசறதில்லை. பெரிய பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்க பெரிய கூட்டத்தை ஜெயிக்கணும். சின்னதில் போட்டி குறைவு. கம்பத்துப் பொண்ணு ஒருத்தி ரெண்டு வருஷம் ஒழுங்காப் பயிற்சி எடுத்தா, பல்கலைக்கழக ஜெர்சி போட்டுக்கிட்டுத் தென்மண்டலப் போட்டிக்கு ரயில் ஏற நிஜமான வாய்ப்பு இருக்கு. முதல் முறையா மாவட்டத்தை விட்டு வெளியே போற பயணமாகக்கூட அது இருக்கும்.

அதனால என் கருத்து இதுதான். சின்னப் பல்கலைக்கழகம் பதினஞ்சு விளையாட்டுக்கும் அணி அனுப்பி, பதினஞ்சிலும் முதல் சுற்றில் திரும்பி வர வேண்டாம். எல்லாப் பிள்ளைகளும் விளையாடட்டும், அது வேற. ஆனா பணமும் பயிற்சியாளரும் போக வேண்டியது ஓட்டத்துக்கு. 800 மீட்டரிலிருந்து கிராஸ் கன்ட்ரி வரை. ஓட்டத்துக்கு உள்ளரங்கம் வேண்டாம், விலை உயர்ந்த சாமான் வேண்டாம். மலை நம்ம கிட்ட இருக்கு, மலையடிவாரம் இருக்கு, காலும் இருக்கு. இல்லாதது இரும்பு, முட்டை, ஷூ, சாயங்கால பஸ், கூடவே நின்னு நேரம் பார்க்கிற ஒரு பெண் பயிற்சியாளர். இதுல எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை.

வெற்றியை அளக்கிறதையும் மாத்தணும். ஆண்டறிக்கையில் கோப்பை எண்ணிக்கை போடுங்க, வேண்டாம்னு சொல்லல. பக்கத்திலேயே இன்னொரு வரி: முதலாம் ஆண்டு சேர்ந்தப்போ மாணவிகளோட சராசரி ஹீமோகுளோபின் எவ்வளவு, மூணாம் ஆண்டு முடிச்சு வெளியே போறப்போ எவ்வளவு. அந்த வரி 10-லிருந்து 12-க்கு ஏறினா, நாலஞ்சு வருஷம் கழிச்சு எங்க பிரசவ வார்டுல அதோட பலன் தெரியும். நடுராத்திரி ரத்தம் கேட்டு பிளட் பேங்குக்கு போன் போடுறவன் சொல்றேன், எனக்கு அந்தக் கோப்பைதான் வேணும்.

சரி, நீங்க என்ன செய்யலாம்? பொண்ணு இந்த ஜூன்ல காலேஜ் சேருதுன்னா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பாருங்க. இலவசம். 12-க்குக் கீழே இருந்தா மாத்திரை, கூடவே பூச்சி மாத்திரை. ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திடாதீங்க, இரும்புக் கையிருப்பு நிரம்ப இன்னும் மூணு மாசம் ஆகும். மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. வயிறு எரிஞ்சா டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரையை மாத்திக்கலாம். மாதவிடாயில் அதிகமா ரத்தம் போகுதான்னு கேளுங்க. அம்மாதான் கேக்கணும்னு இல்ல, அப்பாவும் கேக்கலாம்.

அப்புறம் காலேஜ்ல உடற்கல்வி இயக்குநர் யாருன்னு கேட்டு, போய்ப் பார்த்து, "என் பொண்ணு ஓடும், சேர்த்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு வாங்க. பீஸ் கட்டுறப்ப பிரின்சிபாலைப் பார்க்கிறோம்ல, அதே மாதிரி.

அன்னை தெரசா பல்கலைக்கழக முன்னாள் மாணவிகள், குறிப்பா அணியில் ஆடினவங்க இந்த த்ரெட்டைப் படிச்சா கீழே எழுதுங்க. எந்த வருஷம், எந்த விளையாட்டு, பயிற்சி நேரத்துல என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணி பஸ்ல வீடு போனீங்க. மாத்திரை சந்தேகங்களையும் கேக்கலாம். இன்னைக்கு நைட் டியூட்டி, காலையில வந்து ஒவ்வொன்னா பதில் போடறேன்.